குப்பை வண்டி வராத ஊர்!

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் அளவில் சிறியது ஷிகோகு. அதன் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது டோகுஷிமா மாகாணம். டோகுஷிமா நகரத்திலிருந்து கட்சூரா ஆற்றை ஒட்டியபடியே ஒரு மணி நேரம் மலைப்பாதையில் ஏறினால் கமிகட்சு வந்துவிடும்.

ஊர் என்றதும் நெருக்கமாக வீடுகள் கூடியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆற்றோரத்தில் 100 மீட்டர் உயரத்தில் தொடங்கி 700 மீட்டர் உயரம் வரைக்கும், மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற சுமார் 55 குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் கமிகட்சு. மொத்தப் பரப்பு 109 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடு. மீதமிருக்கும் கொஞ்ச இடத்தில், கல்லை அடுக்கிக் கரை கட்டிய படிக்கட்டு வயல்களில் நெல் விளைகிறது. இங்குள்ள கஷிஹாரா படிக்கட்டு வயல்கள், ஜப்பான் வேளாண் அமைச்சகம் 1999-ம் ஆண்டில் தேர்ந்தெடுத்த நாட்டின் சிறந்த 100 படிக்கட்டு வயல்களின் பட்டியலில் இடம்பிடித்தவை.

கோடையில் முற்றிய தேயிலையைப் பறித்து, வேகவைத்து, கசக்கி, மரப்பீப்பாயில் அடைத்து, மேலே கல்லைப் பாரமாக வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து எடுத்து வெயிலில் காயவைத்தால் 'அவா பஞ்சா' என்ற புளித்த தேயிலை தயார். வீட்டுக்கு வீடு ருசி மாறும். நெல், தேயிலை, எலுமிச்சை இனப் பழங்கள், காளான்... இப்படிச் சின்னச் சின்ன விவசாயம்தான் இங்கே பிழைப்பு.

1955-ம் ஆண்டில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊர் இது. இப்போது சுமார் 1,400 பேர்தான் இருக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். இப்படி முதியவர்கள் நிறைந்த, கையில் பெரிதாகப் பணமில்லாத மலைக்கிராமத்தைப் பார்க்கத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்துபோகிறார்கள். காரணம், இந்த ஊரில் குப்பை வண்டி கிடையாது. தங்கள் குப்பையை மக்களே கொண்டுவந்து, 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். சேரும் குப்பையில் சுமார் 80 சதவிகிதம் மறுபடியும் பயன்பாட்டுக்குப் போய்விடுகிறது. ஜப்பான் முழுமைக்குமான சராசரி 20 சதவிகிதம்தான்.

பழமரத்தைக் கொன்ற பனி... கைகொடுத்த இலை!

குப்பைக் கதைக்கு முன்பு, இந்த ஊரின் இலைக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்க்காரர்களுக்குக் 'கூடிச் செய்தால் முடியும்' என்ற நம்பிக்கையைக் கொடுத்தது அதுதான்.

ஒரு காலத்தில் மரமும் 'மிகான்' என்கிற கமலா ஆரஞ்சும்தான் கமிகட்சுவின் வருமானம். வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கியதும் உள்ளூர் மரத்தின் விலை சரிந்தது. 1981-ம் ஆண்டு பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பெரும்பாலும் கருகிப்போயின. வருடக்கணக்கில் வளர்த்த மரம் ஒரே குளிரில் போனால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் ஆலோசகராக இருந்த இளைஞர் டொமொஜி யோகோய்ஷி. ஒரு முறை ஒசாகா நகரத்து உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்கள் தட்டில் அலங்காரமாக வைத்திருந்த சிவப்பு மேப்பிள் இலையைப் பார்த்து ரசித்து, அதை எடுத்து வைத்துக்கொண்டதைக் கவனித்தார். 'இந்த இலை எங்கள் மலை முழுக்கக் கிடக்கிறதே' என்று அவருக்குத் தோன்றியது. 1986-ம் ஆண்டு நான்கு விவசாயிகளோடு இலை வியாபாரம் தொடங்கியது.

தொடக்கத்தில் வியாபாரம் போகவில்லை. பறித்து அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால், சமையல்காரர்களுக்கு ஒரே அளவு, ஒரே நிறம், பூச்சி கடிக்காத இலை வேண்டும். அதுவும் பருவத்துக்குச் சற்று முன்பே வேண்டும். யோகோய்ஷி சொந்தக் காசில் பெரிய உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு, எந்தத் தட்டில் எந்த இலை எப்படி வைக்கப்படுகிறது என்று கற்றுக்கொண்டு வந்தார். அதன்பிறகுதான் சந்தை பிடிபட்டது.

இன்றைக்கு 300-க்கும் மேற்பட்ட வகை இலைகளும் பூக்களும் இங்கிருந்து போகின்றன. உச்சத்தில் ஆண்டு விற்பனை சுமார் 26 கோடி யென். பறிப்பவர்களில் பெரும்பாலானோர் 70 வயதையொட்டிய பெண்கள். காலையில் கணினியிலோ டேப்லெட்டிலோ ஆர்டரைப் பார்த்து, 'இதை நான் தருகிறேன்' என்று முந்திக்கொண்டு பதிவு செய்கிறார்கள். பிறகு தோட்டத்துக்குப் போய்ப் பறித்து, அளவு பார்த்து அடுக்கி, சங்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இலை கனமில்லாத பொருள் என்பதால் வயதானவர்களாலும் தூக்க முடிகிறது.

திறந்தவெளியில் எரிந்த குப்பை!

1990-களின் பிற்பகுதி வரைக்கும் கமிகட்சுவின் குப்பை திறந்தவெளியில் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஹிபிகடானி என்ற இடத்தில், வீட்டுக்குப்பையிலிருந்து உடைந்த மரச்சாமான்கள் வரைக்கும் மக்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள்; தீ வைக்கப்படும்.

இது கூடாது என்று அரசு நெருக்கவும், 1998-ம் ஆண்டில் இரண்டு சிறிய எரியூட்டிகளை ஊர் நிர்வாகம் வாங்கி வைத்தது. ஆனால், பிளாஸ்டிக் போன்றவற்றைக் குறைந்த வெப்பத்தில் எரிக்கும்போது டையாக்சின் என்ற நச்சு உருவாகும். அது மண்ணில், புல்லில், பாலில், மீனில் சேர்ந்து மனித உடம்புக்குள் வந்துவிடும். இதைக் கட்டுப்படுத்த 1999-ம் ஆண்டு ஜப்பான் அரசு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அந்த அளவுகோலுக்குள் சிறிய எரியூட்டிகளால் நிற்க முடியவில்லை. வாங்கி மூன்று ஆண்டுகூட முழுதாக ஓடாத நிலையில் அவற்றை மூட வேண்டியதாயிற்று.

புதிதாகப் பெரிய எரியூட்டி கட்டப் பணம் இல்லை. மொத்தக் குப்பையையும் வெளியூருக்கு அனுப்பி எரிப்பதென்றால் ஆண்டுதோறும் செலவு. கட்சூரா ஆறு இந்த மலையில் இருந்துதான் கீழே இறங்குகிறது என்பதால், ஆற்றோரம் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. மீதமிருந்தது ஒரே வழிதான். எரிக்க வேண்டிய குப்பையின் அளவையே குறைப்பது.

2001-ம் ஆண்டில் 35 வகையாகப் பிரிக்கும் முறை வந்தது. 'வயசான காலத்தில் இது ஆகிற வேலையா?' என்ற எதிர்ப்பும் வந்தது. ஊர் அலுவலகப் பணியாளர்கள் குக்கிராமம் குக்கிராமமாகப் போய்க் கூட்டம் போட்டு விளக்கினார்கள். 2003-ம் ஆண்டு செப்டம்பரில், '2020-க்குள் எரிப்பதும் புதைப்பதும் இல்லாத ஊராக முயல்வோம்' என்று கமிகட்சு அறிவித்தது. ஜப்பானில் இப்படி அறிவித்த முதல் ஊர் இதுதான்.

இத்தனை பிரிவுகள் எதற்கு?

ஹிபிகடானியில் இப்போதிருக்கும் பிரிக்கும் நிலையத்தில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கின்றன. செய்தித்தாள் ஒரு பெட்டி, அட்டைப்பெட்டி ஒன்று, பத்திரிகைகள் ஒன்று. உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் பால் அட்டைக்கு ஒரு பெட்டி; வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக்கு வேறு பெட்டி. அலுமினிய டப்பா தனி, இரும்பு டப்பா தனி. கண்ணாடி பாட்டிலில் நிறமற்றது, பழுப்பு, மற்ற நிறம் என்று தனித்தனி. பிளாஸ்டிக் பாட்டில் ஓரிடம், அதன் மூடி வேறிடம். சமையல் எண்ணெய், பேட்டரி, ட்யூப் லைட், பழந்துணி, மெத்தை, சாப்பிட்ட மரக்குச்சிகள் என்று பட்டியல் நீள்கிறது.

இவ்வளவு பிரிப்பதற்குக் காரணம் எளிமையானது. கலந்து கிடந்தால் அது குப்பை. பிரிந்து, கழுவி, காய்ந்து கிடந்தால் அது சரக்கு. வியாபாரி சுத்தமான அலுமினியத்துக்கு ஒரு விலை தருவார். மண்ணும் இரும்பும் கலந்திருந்தால் வேறு விலை. நெல்லில் கருக்காய் கலந்தால் விலை குறைவது போலத்தான் இதுவும்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்தப் பொருள் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, ஒரு கிலோவுக்கு ஊருக்கு எத்தனை யென் வருமானம் அல்லது எத்தனை யென் செலவு என்று அதில் எழுதியிருக்கிறது. தன் கையால் போடும் ஒரு டப்பா ஊருக்குக் காசாகிறதா, கடனாகிறதா என்பது போடுகிறவருக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கடைசியில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்: 'எப்படிப் பார்த்தாலும் எரித்தே ஆக வேண்டியவை', 'எப்படிப் பார்த்தாலும் புதைத்தே ஆக வேண்டியவை'.

சமையலறைக் கழிவு வாசல் தாண்டாது!

இந்தப் பிரிவுகளில் சமையலறைக் கழிவு கிடையாது. காய்கறித்தோல், மீதச்சோறு, மீன்முள் எல்லாம் அவரவர் வீட்டிலேயே உரமாகிவிடுகின்றன. தோட்டம் இருக்கிறவர்கள் மண்ணில் வைக்கும் உரத்தொட்டியைப் பயன்படுத்துகிறார்கள். இடம் இல்லாதவர்கள் மின்சாரத்தில் இயங்கும் சிறிய உரக்கருவியை வைத்திருக்கிறார்கள். இவற்றை வாங்க 1990-களிலேயே ஊர் நிர்வாகம் மானியம் கொடுத்தது.

ஈரக்கழிவில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதை வண்டியில் ஏற்றிச் சுமப்பது தண்ணீரைச் சுமப்பது. எரிப்பது தண்ணீரை எரிப்பது. அது வீட்டோடு நின்றுவிட்டால் பிரிக்கும் நிலையத்தில் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. கழிவு உரமாகி வீட்டுத் தோட்டத்துக்கே போகிறது. நம் கிராமத்து எருக்குழி செய்துவந்த வேலையைத்தான் இங்கே தொட்டியும் கருவியும் செய்கின்றன.

காசு கொடுக்க வேண்டாம்... எடையைப் போடுங்கள்!

பிரிக்கும் நிலையத்தை ஒட்டி, 2006-ம் ஆண்டு முதல் 'குருகுரு' என்ற கடை நடக்கிறது. ஜப்பானிய மொழியில் இதற்கு 'சுற்றிச் சுற்றி' என்று பொருள். தங்களுக்குத் தேவைப்படாத பாத்திரம், துணி, புத்தகம், பொம்மை ஆகியவற்றை ஊர்க்காரர்கள் இங்கே கொண்டுவந்து வைக்கலாம். வேண்டியவர்கள் யாராக இருந்தாலும், வெளியூர்க்காரராக இருந்தாலும், இலவசமாக எடுத்துச் செல்லலாம். ஒரே நிபந்தனை, எடுத்த பொருளைத் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுத வேண்டும். குப்பையாகாமல் தப்பிய பொருள் எத்தனை கிலோ என்ற கணக்கு அதிலிருந்து கிடைக்கிறது.

பழைய கிமோனோ உடைகளையும், குழந்தைகள் தினத்தில் பறக்கவிடும் மீன் வடிவத் துணிக்கொடிகளையும் வாங்கி, பை, சட்டை, பொம்மை என்று தைத்து விற்கும் பட்டறையும் உண்டு. தைப்பவர்கள் ஊரிலுள்ள மூத்த பெண்கள். திருவிழா, கூட்டம் என்றால் ஒருமுறை பயன்படுத்தி வீசும் தட்டு வாங்காமல், திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் தட்டு, டம்ளர்களை வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

2020-ம் ஆண்டில் இந்த இடத்திலேயே புதிய மையம் திறக்கப்பட்டது. உள்ளூர் மரத்தில் கட்டிய கட்டடம். மேலே இருந்து பார்த்தால் கேள்விக்குறி போலத் தெரியும். முகப்பில் இருக்கும் சுமார் 700 ஜன்னல்கள், ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய ஜன்னல்கள். மையத்திலுள்ள தங்கும் விடுதியில் சோப்பைக்கூட, தேவையான அளவுக்கு விருந்தினரே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது தங்கள் குப்பையைத் தாங்களே பிரித்துப் போட வேண்டும்.

மலை மேல் இருக்கும் பாட்டி என்ன செய்வார்?

இந்தத் திட்டம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானித்த கேள்வி இதுதான். 700 மீட்டர் உயரத்தில் தனியாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாத 85 வயதுப் பாட்டி தன் குப்பையை எப்படி ஹிபிகடானிக்குக் கொண்டுவருவார்?

முதல் பதில் பக்கத்து வீடு. நிலையத்துக்குப் போகிறவர், தன் மூட்டையோடு பாட்டியின் மூட்டையையும் வண்டியில் வைத்துக்கொள்கிறார். இரண்டாவது, வண்டி இல்லாத வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஆள் போய் எடுத்துவரும் ஏற்பாடு. வீட்டில் ஈரக்கழிவு சேர்வதில்லை. மற்றவை கழுவிக் காய்ந்தவை. அதனால் இரண்டு மாதம் வைத்திருந்தாலும் நாறுவதில்லை. உரத்தொட்டி இல்லையென்றால் இந்த ஏற்பாடே நடந்திருக்காது.

நிலையத்தில் இருக்கும் பணியாளர்கள், எதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் நிற்கும் முதியவர்களுக்குக் கூடவே நின்று பிரித்துக் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர் வரவில்லையென்றால், 'என்ன ஆயிற்று?' என்று விசாரிக்கவும் அங்கே ஆள் இருக்கிறது.

இதே பழக்கம் போக்குவரத்திலும் இருக்கிறது. பேருந்து அரிதாக வரும் இந்த ஊரில், 2003-ம் ஆண்டில் அரசின் சிறப்பு அனுமதி வாங்கி, ஊர்க்காரர்களே தங்கள் சொந்தக் காரில் மற்றவர்களை மருத்துவமனைக்கும் கடைக்கும் அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கினார்கள். முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட தன்னார்வலர்கள், சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டுவார்கள். முற்றிலும் இலவசம் என்றால் கேட்பதற்குக் கூச்சப்படுவார்கள். கொஞ்சம் காசு கொடுத்தால் தயங்காமல் கூப்பிடுவார்கள் என்பதை மனதில் வைத்து நடக்கும் ஏற்பாடு இது.

எட்டாமல் நிற்கும் 20 சதவிகிதம்!

2020-ம் ஆண்டு வந்தது. குப்பை பூஜ்யம் ஆகவில்லை. 80 சதவிகிதத்தில் நின்றுவிட்டது. மீதமிருக்கும் 20 சதவிகிதத்தில் இருப்பவை டயாப்பர், சானிட்டரி நாப்கின், பி.வி.சி. பொருள்கள், ரப்பரும் தோலும் பசையால் ஒட்டிய செருப்பு, ஷூ போன்றவை. இவற்றை எப்படிக் கழுவினாலும் பிரிக்க முடியாது. தயாரிக்கும்போதே பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டவை. குழந்தை பிறந்த வீடுகளுக்குத் துணி டயாப்பர் கொடுத்துப் பார்க்கிறது ஊர். ஆனால், ஷூவை எப்படிச் செய்வது என்று 1,400 பேர் கொண்ட மலைக்கிராமம் கம்பெனிகளுக்கு உத்தரவு போட முடியாது. பிரிக்க முடியாத பொருளைத் தயாரிப்பவர்களுக்கும் பொறுப்பு வேண்டும் என்பதுதான் அறிவிப்பு வந்த காலத்தில் இருந்தே கமிகட்சு சொல்லிவரும் வாதம்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. பிரிக்கும் கைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. பக்கத்து வீட்டு மூட்டையைத் தூக்கி வந்தவருக்கே இப்போது ஆள் தேவைப்படுகிறது. இலை வியாபாரத்தையும் குப்பை மேலாண்மையையும் கற்றுக்கொள்ள வெளியூர் இளைஞர்கள் வருகிறார்கள். சிலர் தங்கியும் விடுகிறார்கள். 2015-ம் ஆண்டில் தொடங்கிய பீர் ஆலை ஒன்று, உள்ளூர் எலுமிச்சை இனமான 'யூகோ' பழத்தின் தோலைப் பயன்படுத்துகிறது. ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கையைத் திரவ உரமாக்கி, அதை வைத்து மறுபடி பார்லி விளைவிக்கும் முயற்சியும் நடக்கிறது. வருகிறவர்களின் எண்ணிக்கை, குறைகிறவர்களின் எண்ணிக்கையை ஈடுகட்டவில்லை. 2030-ஐ நோக்கி ஊர் மறுபடியும் ஓர் உறுதிமொழியை எடுத்திருக்கிறது.

விவசாயிகளுக்கு எழக்கூடிய கேள்விகள்

*எடுத்த எடுப்பிலேயே 45 வகையாகப் பிரிக்க முடியுமா?*

கமிகட்சுவும் அப்படித் தொடங்கவில்லை. 1997-ல் 9 வகை, 1998-ல் 22, 2001-ல் 35 என்று படிப்படியாக ஏறித்தான் 45-க்கு வந்தது. வாங்குவதற்கு ஆள் கிடைத்த பிறகே ஒரு புதிய பெட்டி சேரும். வாங்க ஆளில்லாமல் பிரித்து வைத்தால், அது இன்னொரு குப்பைமேடுதான்.

*குப்பையில் ஊருக்கு லாபம் கிடைக்கிறதா?*

காகிதமும் உலோகமும் வருமானம் தருகின்றன. மற்ற பல பொருள்களை அனுப்ப ஊர்தான் செலவு செய்கிறது. ஆனால், எரிக்கக் கொடுக்கும் செலவு குறைகிறது. அதனால் லாபம் என்பதைவிடச் செலவு மிச்சம் என்று சொல்வதே சரி.

*வயலில் சேரும் பிளாஸ்டிக்கை என்ன செய்கிறார்கள்?*

ஜப்பானில் மூடாக்குத் தாள், பசுமைக்குடில் தாள் போன்றவை வீட்டுக்குப்பைக் கணக்கில் வராது. தொழிற்கழிவு என்ற பிரிவில் வரும். அதை முறையாக ஒப்படைப்பது விவசாயியின் பொறுப்பு. வயலில் போட்டு எரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பல இடங்களில் வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் குறிப்பிட்ட நாளில் மொத்தமாகச் சேகரிக்கின்றன. தனி ஒருவரிடம் இருக்கும் பத்து கிலோ கிழிந்த தாளுக்கு வியாபாரி வரமாட்டார். நாற்பது பேருடையது ஒரே இடத்தில், மண் உதறிக் காய்ந்து கிடந்தால் வண்டி வரும்.

*பூச்சிக்கொல்லி டப்பாவையும் இதோடு சேர்க்கலாமா?*

கூடவே கூடாது. மருந்து தீர்ந்த உடனே மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கே அடித்துவிட வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ அலசக் கூடாது. பிறகு, வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதபடி டப்பாவில் ஓட்டை போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியாக வைக்க வேண்டும். அதில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைப்பதும், அடுப்பில் போட்டு எரிப்பதும் உயிருக்கே ஆபத்து.

*ஓர் ஊரில் இதை எங்கிருந்து தொடங்கலாம்?*

கமிகட்சுவின் வரிசையைப் பார்த்தால் முதலில் வந்தது பெட்டி அல்ல, உரத்தொட்டி. ஈரக்கழிவு வீட்டோடு நின்ற பிறகுதான் மற்றவை சுத்தமாக, நாறாமல், நாள்கணக்கில் காத்திருக்க முடிந்தது. அடுத்து, ஊருக்குப் பொதுவாக ஓர் இடம். எடைக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர். கிலோ என்ன விலை என்று எழுதி மாட்டிய ஒரு பலகை. அதோடு, தூக்கிவர முடியாத வீடுகள் எவை என்ற பட்டியலும், அந்த வீட்டு மூட்டையைத் தன் வண்டியில் ஏற்றிவருவது யார் என்ற பெயரும்.